அவரவர்க்கு அவரவர் ஸபக்

ஹிஃப்ழ் மதரஸாவில் எல்லா மாணவர்களும் ஒரே பாடத்தை ஓதுவதில்லை. ஒருவர் நாளொன்றுக்கு ஒரு பக்கம் மனனம் செய்வார். மற்றவருக்கு மூன்று வரிகளே இயலும். உஸ்தாத் அவரவர் ஸபக்கைக் குறித்து வைத்து, மறுநாள் அங்கிருந்தே தொடங்குகிறார். இதனை யாரும் குறையாகக் கருதுவதில்லை. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குப் பள்ளியில் வகுக்கப்படும் தனிநபர் கல்வித் திட்டமும் அடிப்படையில் இத்தகையதே. ஆயினும் அதன் பெயரைக் கேட்டதும் நம் குடும்பங்கள் பல தயங்குகின்றன.

தயக்கத்தின் காரணம் நாம் அறிந்ததே. பிள்ளைக்கு ஆட்டிசம் அல்லது கற்றல் குறைபாடு என்று ஏட்டில் ஏறிவிட்டால், நாளை அக்காவின் சம்பந்தப் பேச்சு தடைப்படுமோ என்ற அச்சம். அந்த அச்சத்தில் பரிசோதனை தள்ளிப்போகிறது, ஆண்டுகள் கழிகின்றன, பிள்ளை 'சோம்பேறி' என்ற பட்டத்தோடு கடைசி வரிசையில் அமர்கிறது. மறைத்ததனால் குறைபாடு மறையவில்லை. கிடைக்க வேண்டிய உதவியே மறைந்தது.

இத்திட்டத்தை 1975ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா சட்டத்தின் வழியே கட்டாயமாக்கியது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றுள் அடங்கும். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பிள்ளையின் தேவைக்கேற்ற ஆதரவை அளிக்க வேண்டும், முன்னேற்றத்தைக் கண்காணிக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நோக்கம். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றையும் அது குறிப்பிடுகிறது. இவை யாசகமல்ல, ஹக்கு.

நல்லதொரு திட்டத்தில் நான்கு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளை இன்று எந்நிலையில் உள்ளது? ஓராண்டில் எதனை எட்ட வேண்டும்? அதற்கு யார், வாரத்தில் எத்தனை முறை, எவ்விதம் உதவுவார்? முன்னேற்றத்தை எப்போது, எப்படி அளப்பது? "நன்றாகப் படிக்க வேண்டும்" என்பது இலக்காகாது. இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை, அரையாண்டுத் தேர்வுக்குள் ஐந்து வாக்கியப் பத்தியைத் தானே படித்து இரண்டு வினாக்களுக்கு வாய்மொழியாக விடை கூற வேண்டும் என்பது இலக்கு. அளக்க முடிவதைத்தான் கேட்டுப் பெற முடியும்.

ஆகவே, பெற்றோரே, நீட்டிய தாளில் கையொப்பமிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். இரைச்சலில் பிள்ளை காதைப் பொத்திக்கொள்வதையும், படம் காட்டினால் உடனே புரிந்துகொள்வதையும் ஆசிரியரைவிட நீங்களே அறிவீர்கள். அதைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். படியொன்று கேட்டுப் பெறுங்கள். அரசுப் பள்ளியாயின், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைச் சந்தியுங்கள்.

அந்தப் படியின் நகல் ஒன்று மக்தபுக்கும் வரட்டும். பகலில் பொறுமையோடு கற்பிக்கப்படும் பிள்ளை, மாலையில் நம்மிடம் வந்து அதட்டல் வாங்குவது எவ்வகையில் நியாயம்? எழுத்துகளைப் பிரித்தறியத் திணறும் பிள்ளைக்குச் செவிவழியாக ஸூராக்களைக் கற்பிக்கலாம். நெடுநேரம் அமர இயலாத பிள்ளைக்குப் பத்து நிமிடப் பாடம் போதும். ஜமாஅத் நிர்வாகிகள் மக்தப் உஸ்தாதுகளுக்கு இதில் பயிற்சி ஏற்பாடு செய்வது காலத்தின் தேவை.

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கல்வி நாடி வந்த நிகழ்வையொட்டியே 'அபஸ' அத்தியாயம் அருளப்பட்டது. குறைஷித் தலைவர்களைவிட, கற்கும் ஆர்வத்தோடு வந்த அவரே கவனத்திற்குரியவர் என்பது அதன் பாடம். பின்னாளில் அவர் மதீனாவின் முஅத்தின்களுள் ஒருவராகவும் விளங்கினார். நம் வாசலுக்கு வரும் பிள்ளைக்கும் அதே கவனம் உரியது.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். எந்தப் பிள்ளையின் அமானத்தையும் வெட்கத்தின் பெயரால் வீணாக்காதவர்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.