இரண்டு இரண்டாக வாங்காதீர்கள்

வீட்டில் மீன் தொட்டி வைக்க முடிவு செய்தவர் கடைக்குப் போய்ச் சொல்வது எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "அண்ணே, இதுல ஒரு ஜோடி, அதுல ஒரு ஜோடி, அந்தக் கோடு போட்டதுல ஒரு ஜோடி போடுங்க." கடைக்காரர் வலையை விட்டு அள்ளுகிறார், கவரில் ஆக்ஸிஜன் ஏற்றி, ரப்பர் பேண்டைச் சுற்றிக் கையில் கொடுக்கிறார். நியான் டெட்ரா இரண்டு, டைகர் பார்ப் இரண்டு, ஜீப்ரா இரண்டு, பிளாக் விடோ இரண்டு, ஏஞ்சல் இரண்டு, கோரி இரண்டு என்று பன்னிரண்டு மீன்கள் ஒரு இரண்டடித் தொட்டிக்குள் போகின்றன. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலிருந்து சிற்றூர்க் கடைத்தெரு வரை இதுவே வழக்கம். எல்லோரும் செய்வதாலேயே இது சரி என்றும் ஆகிவிட்டது.

இது சரியில்லை. கூட்டமாக வாழப் பிறந்த சிறுமீனை இரண்டு இரண்டாக வாங்கி வைப்பது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை. ஆசையோடு செய்கிறோம், தெரியாமல் செய்கிறோம் என்பதால் அதன் வலி குறைந்துவிடாது.

துணைக்கு ஒன்று இருந்தால் போதும் என்ற இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பலரும் முதலில் வளர்ப்பது கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களை. அவற்றில் ஆண் எது, பெண் எது என்று பார்த்ததும் தெரியும். ஒன்றுக்கு ஒன்று என்று விட்டாலே சில வாரங்களில் குட்டி வந்துவிடும். ஏஞ்சல் போன்ற சில மீன்கள் உண்மையிலேயே இணை சேர்ந்து முட்டையைக் காவல் காக்கின்றன. இவற்றைப் பார்த்துப் பழகிய கண், தொட்டியில் உள்ள எல்லா மீனுக்கும் அதே கணக்கைப் போட்டுவிடுகிறது.

நியானுக்கும் ஜீப்ராவுக்கும் பார்ப்புக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. இவை முட்டைகளைச் செடிகளுக்கும் கூழாங்கற்களுக்கும் நடுவே சிதறவிட்டுப் போய்விடும் மீன்கள். இணையும் இல்லை, காவலும் இல்லை. கண்ணில் பட்டால் தன் முட்டையைத் தானே தின்றுவிடும். அதைவிட முக்கியமான சங்கதி, கடையில் விற்கும் அரை வளர்ச்சி நியானில் ஆண் பெண் பிரித்தறிவது மிகவும் கடினம். ஆகவே கவரில் போட்டுத் தருவது வலையில் அகப்பட்ட ஏதோ இரண்டு மீன்கள், அவ்வளவுதான். அவை ஆணும் பெண்ணுமாகவே அமைந்துவிட்டாலும் அந்த மீனுக்கு அது நிறைவு தராது. அதற்கு வேண்டியது கூட்டம்.

கூட்டம் ஏன் வேண்டும்? நியான் டெட்ராவின் ஊர் பெரு, கொலம்பியா, பிரேசில் நாடுகளில் பாயும் மேற்கு அமேசான் ஓடைகள். 1936இல் அறிவியல் பெயர் பெற்ற இந்த மீன் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர்தான் வளரும். அதற்கு முள்ளும் இல்லை, விஷமும் இல்லை, எதிர்த்துக் கடிக்கும் வாயும் இல்லை. தன்னைத் தின்ன வரும் எதற்கும் முன்னால் அதற்கு உள்ள ஒரே கவசம் பக்கத்தில் நீந்தும் தன் இனம். நீல், கல்லன் என்ற இரு ஆய்வாளர்கள் ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பைக், பெர்ச் ஆகியவற்றை இரைமீன் கூட்டங்களோடு விட்டுப் பார்த்து 1974இல் முடிவை வெளியிட்டார்கள். கூட்டம் பெருகப் பெருக வேட்டைக்காரனின் தாக்குதல் வெற்றி பெறுவது குறைந்தது. ஒரே மாதிரி உடல்கள் குறுக்கும் நெடுக்கும் பாயும்போது எதைக் குறிவைப்பது என்று அதற்குத் தெரியாமல் போகிறது. இரண்டே இரண்டு மீன்கள் இருந்தால் அந்தக் குழப்பம் எங்கிருந்து வரும்?

கூட்டத்துக்காகவே அந்த உடல் அமைந்திருக்கிறது. மீனின் விலாவில் தலையிலிருந்து வால்வரை பக்கக்கோடு என்ற புலன் ஓடுகிறது. பக்கத்து மீன் வாலை அசைத்தால் தண்ணீரில் எழும் அழுத்தத்தை அது உணரும். பிட்சரும் பார்ட்ரிட்ஜும் 1980இல் சேத் என்ற கடல்மீனின் கண்களை மறைத்துவிட்டுப் பார்த்தார்கள். பார்வை இல்லாமலேயே அது கூட்டத்தில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு நீந்தியது. தேனீ ஆய்வுக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938இல் இன்னொன்றைக் கண்டார். மின்னோ என்ற சிறுமீனின் தோல் கிழிந்தால் ஒரு வேதிப்பொருள் தண்ணீரில் கலக்கிறது. அதை முகர்ந்த மற்ற மீன்கள் உடனே ஒதுங்கிக் கூடிக்கொள்கின்றன. கெண்டை இனங்கள், டெட்ராக்கள், கெளுத்தி வகைகள் எல்லாம் சேர்ந்த பெரிய குலம் முழுவதிலும் இந்த அபாய அறிவிப்பு பரவலாக உண்டு. பார்ப், ஜீப்ரா, நியான், கோரி நான்கும் அந்தக் குலத்தவைதான். சேதி சொல்லவும் சேதி கேட்கவும் இப்படிப் பிறந்த உயிரை ஆளில்லாத இடத்தில் விட்டுவிட்டு, "துணைக்குத்தான் ஒண்ணு இருக்கே" என்கிறோம்.

அப்படி விடப்பட்ட இரண்டு நியான்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஃபில்டருக்குப் பின்னால் அல்லது பின்கண்ணாடி மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். துடுப்புகள் உடலோடு மடிந்திருக்கும். நீலக்கோடு மங்கி, சிவப்பு வெளிறிக் கிடக்கும். தீனி போட்டதும் மற்ற மீன்கள் பாயும், இவை வராது. எல்லாம் தின்று ஓய்ந்த பிறகு ஒன்று மட்டும் வெளியே வந்து ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு மூலைக்கே திரும்பும். யாராவது தொட்டியைக் கடந்து நடந்தால் இரண்டும் கண்ணாடியில் மோதிக்கொண்டு சிதறும். இதைப் பார்த்துவிட்டு "ரொம்பச் சாதுவான மீன்" என்கிறார்கள். அது சாது இல்லை, மிரண்டு போயிருக்கிறது. மந்தையிலிருந்து பிரித்த ஆடு கத்திக் கத்தி ஊரைக் கூட்டிவிடும். மீனுக்குக் கத்தக் குரல் இல்லை.

டைகர் பார்ப்பின் கதை வேறு. அந்த மீன் தன் இனத்துக்குள்ளேயே யார் பெரியவர் என்று ஓயாமல் முட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளது. பத்து மீன்கள் இருந்தால் அந்தச் சண்டை பத்தாகப் பிரிந்து ஒருவர்மீதும் நிலைக்காமல் போய்விடும். இரண்டே இருந்தால் வலுத்தது இளைத்ததைக் காலை முதல் இரவு வரை துரத்தும். இளைத்தது செத்ததும் மிச்சமிருப்பது ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடிக்கப் போகும். "டைகர் பார்ப் பொல்லாத மீன்" என்று அதற்குப் பழி விழும். பொல்லாத்தனத்தில் பாதி நாம் கொடுத்தது.

இதையெல்லாம் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மின்னோ, கோல்டு ஃபிஷ் கூட்டங்களை வைத்து 1982இல் வெளியான ஆய்வில், பெரிய கூட்டத்தில் இருந்த மீன்கள் தீனியைச் சீக்கிரம் கண்டுபிடித்தன. வீட்டுத் தொட்டி மீன்களையே எடுத்துக்கொண்டு பிரிட்டனில் 2010இல் ஓர் ஆய்வு வந்தது. நியான், டைகர் பார்ப், வொயிட் கிளவுட், ஏஞ்சல் ஆகிய நான்கையும் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்ற எண்ணிக்கைகளில் வைத்துப் பார்த்தார்கள். குறைந்த எண்ணிக்கையில் வைப்பது இந்த மீன்களின் நலனைக் கெடுக்கக்கூடும் என்பதே அதிலிருந்து தெரிந்தது. இரண்டு என்பது கூட்டத்தின் சிறிய வடிவம் என்று நினைப்பதற்கு இடமே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் எதிர்வாதங்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொட்டியில் மற்ற மீன்கள் இருக்கின்றனவே, அவை துணை ஆகாதா? ஆகாது. கூட்டமீன் தன் இனத்தைத் தோற்றத்தை வைத்துத் தேடுகிறது. ஜீப்ரா மீன்களை வைத்து 2004இல் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குஞ்சுப் பருவத்தில் எந்தக் கோலத்து மீன்களோடு வளர்ந்ததோ, அந்தக் கோலத்து மீன்களோடுதான் பெரியதானதும் சேரப் பார்க்கிறது. நியானுக்கு ஏஞ்சல் துணையாவது கிடக்கட்டும். நன்றாக வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்கு நியான் ஓர் இரை.

தொட்டியில்தான் எதிரியே இல்லையே? அது நமக்குத் தெரியும், மீனுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் பெரிய உருவங்கள் நடமாடுகின்றன, மேலிருந்து கை இறங்குகிறது, விளக்கு திடீரென்று எரிகிறது. பக்கத்திலுள்ள பத்துப் பேர் பதறாமல் நீந்துவதைப் பார்த்துத்தான் அது ஆபத்தில்லை என்று தெரிந்துகொள்கிறது.

பண்ணையில் பிறந்த மீனுக்கு அமேசான் எதற்கு? அமேசான் வேண்டாம், கூட்டம் வேண்டும். பண்ணைத் தொட்டியிலும் அது ஆயிரக்கணக்கில் சேர்ந்துதான் வளர்ந்தது. கடைத்தொட்டியிலும் நூறோடு நூறாகத்தான் இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் ஜீப்ராவும் இன்றுவரை கூடித்தான் நீந்துகிறது. அந்த மீன் தன் வாழ்நாளில் முதன்முதலாகத் தனித்துப் போவது நம் வீட்டில்தான்.

எண்ணிக்கை கூடினால் தண்ணீர் கெட்டுவிடாதா? இது நியாயமான அச்சம். ஆனால் ஆறு வகையில் இரண்டிரண்டாகப் பன்னிரண்டு மீன்கள் வாங்குபவர் கேட்கக்கூடிய கேள்வி இல்லை. ஒரே வகையில் பன்னிரண்டு நியான் போட்டால் கழிவு கூடாது. ஏஞ்சலும் பார்ப்பும் இல்லாததால் குறையவே செய்யும். தண்ணீர் கெடுவதன் உண்மையான காரணம் அவசரம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியின் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனைக் கொட்டிவிட்டு, அவை செத்ததும் "நியான் நம்ம தண்ணிக்கு நிக்காது", "நமக்கு ராசியில்ல" என்கிறோம். ராசியைக் குறை சொல்ல வேண்டாம். தொட்டி முதிரப் பொறுத்திருந்தால் போதும்.

பல வண்ணம் இருந்தால்தானே அழகு? ஆறு வகை மிரண்ட மீன்கள் ஆறு மூலையில் நிற்பதில் என்ன அழகு? பன்னிரண்டு நியான்கள் செடிகளின் முன்னால் ஒன்றாகத் திரும்பும்போது அந்த நீலம் ஒரே கோடாக மின்னிப் போகும். அந்தக் காட்சிக்காகத்தான் இந்த மீன் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது.

இரண்டு வைத்தும் ஒரு வருடமாக உயிரோடுதானே இருக்கிறது? நல்ல பராமரிப்பில் நியான் ஐந்து வருடம்கூட வாழும். உயிரோடு இருப்பதையே நல்வாழ்வுக்குச் சான்றாகக் காட்டினால், கூண்டில் அடைத்த எந்த விலங்குக்காகவும் நாம் பேச முடியாது.

இந்த வழக்கத்தின் கேடு வீட்டுக்கு வெளியிலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் வாழும் மிஸ் கேரளா என்ற மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1865இல் ஃபிரான்சிஸ் டே அதை விவரித்து, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். சிவப்பும் கருப்புமான கோடுகள் கொண்ட அந்த மீன் நான்கைந்து அங்குலம் வளரும், வேகமாக நீந்தும், கூட்டமாகத் திரியும். வண்ணமீன் வியாபாரத்துக்காக ஆற்றிலிருந்து அளவில்லாமல் பிடித்ததும் சேர்ந்து அதை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் சர்வதேசப் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இலங்கைக்கு மட்டுமே உரிய செர்ரி பார்ப்பின் ஓடைகளிலும் வலை விழுந்திருக்கிறது. இப்படி ஆற்றில் குறைந்துவரும் ஓர் உயிரை இரண்டு மட்டும் வாங்கி, இரண்டடித் தொட்டியில் போட்டு, அவை செத்ததும் இன்னும் இரண்டு வாங்குவது எந்த நியாயத்தில் சேரும்?

கடைக்காரர்கள் இதில் முதல் அடி எடுத்து வைக்க முடியும். கூட்டமீன் வகைகளுக்கு இரண்டு மீன் விலை எழுதுவதை நிறுத்திவிட்டு, ஆறு மீன் விலை எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்டபடி அள்ளிப் போடாமல், "இது கூட்டமா இருக்கிற மீனு சார், ஆறுக்குக் குறைச்சலா வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். செத்துச் செத்து வெறுத்துப்போய்த் தொட்டியையே பரணில் ஏற்றிவிடுபவரைவிட, மீன் பிழைத்து ஆசை வளர்ந்தவர்தான் மறுபடி கடைக்கு வருவார்.

வாங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியது சிறியது. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி முழுக்க நிரப்பினாலும் ஐம்பத்தாறு லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். அதில் நியானோ செர்ரி பார்ப்போ ஹார்லிக்வின் ரஸ்போராவோ ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆறு என்பது குறைந்தபட்சம். பத்து பன்னிரண்டு நல்லது. ஜீப்ராவும் டைகர் பார்ப்பும் ஓடித்திரிய நீளம் கேட்கும். மூன்றடித் தொட்டி இருந்தால் மட்டும் அவற்றைப் பாருங்கள். ஆறு மீனுக்கு இடமோ காசோ இல்லையென்றால் கூட்டமீனே வேண்டாம். தனியாகவே இருக்க விரும்பும் ஃபைட்டர் ஒன்று, மூடி போட்ட நல்ல தொட்டியில், ஃபில்டரும் செடியுமாக நிறைவாக வாழும்.

ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர்கள் அதே இனத்தில் இன்னும் நான்கையாவது வாங்குங்கள். இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து நோயில்லை என்று பார்த்த பிறகு சேர்த்துவிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், அந்த இனத்தைக் கூட்டமாக வளர்ப்பவரிடம் உங்கள் இரண்டையும் கொடுத்துவிடுங்கள். ஆசைப்பட்டு வாங்கியதைக் கொடுப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த இரண்டு மீன்களுக்கு இனி நாம் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அதுதான்.