நாற்பது நாள் என்று சொன்னது யார்?

புனேயில் ஏரவாடா பக்கமிருந்து ஹோல்கர் பாலத்தைத் தாண்டினால் கட்கி. 1869 முதல் அங்கே ராணுவத்துக்கான தோட்டாத் தொழிற்சாலை இயங்குகிறது. முளா ஆற்றின் இந்தப் பக்கம் ஐடி பூங்காக்கள், அந்தப் பக்கம் தோட்டா. எந்தப் படைக்கு எவ்வளவு குண்டு, எத்தனை லாரி என்பதை இனிக் கணினியிடமே விட்டுவிடலாம், மனிதர்கள் தலையிட்டால் சார்பும் தாமதமும்தான் மிச்சம் என்ற பேச்சு இன்று பரவலாக இருக்கிறது.

அனுபவத்தைவிடக் கணக்கே மேல் என்பது அப்படிப் பேசுவோரின் முதல் வாதம். பாதி சரி. இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக்கைக் கடந்த சரக்குக் கப்பல்கள் கூட்டமாகச் சென்றன. கூட்டம் பெருத்தால் ஆபத்தும் பெருகும் என்று பிரிட்டிஷ் கடற்படை நம்பியது. இயற்பியலாளர் பிளாக்கெட்டின் குழு பழைய தாக்குதல்களை எண்ணிப் பார்த்தது. கப்பல்கள் இரட்டிப்பானாலும் கூட்டத்தின் சுற்றளவு இரட்டிப்பாவதில்லை. எனவே காவல் கப்பல்களும் அந்த அளவுக்குக் கூட வேண்டியதில்லை. ஒரு தாக்குதலில் மூழ்கும் கப்பல்களின் எண்ணிக்கையும் கூட்டத்தின் அளவைப் பொறுத்து ஏறவில்லை. 1943இல் கூட்டங்கள் பெரிதாக்கப்பட்டன. கடற்படையின் நம்பிக்கை தோற்றது உண்மைதான். ஆனால் எதை எண்ணுவது என்று தீர்மானித்தது மனித மூளை. இதே பிளாக்கெட்தான் 1948இல் இந்தியப் பாதுகாப்பில் அறிவியலின் பங்கு பற்றி நேரு அரசுக்கு அறிக்கை தந்தவர்.

அடுத்தது வேகம். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைகளையும் தளவாடங்களையும் நகர்த்தத் திட்டமிட உதவிய ‘டார்ட்’ மென்பொருளைச் சான்று காட்டுவார்கள். நல்ல சான்றுதான், ஆனால் நமக்கு. திட்டத்தின் ஓட்டையைச் சட்டென்று காட்டுவது டார்ட்டின் வேலை. திட்டத்தைத் திருத்தியதும் தேர்ந்ததும் அதிகாரிகள்.

கணினிக்குச் சார்பே கிடையாது என்பதுதான் மிகப் பலவீனமான வாதம். நம் ராணுவத்தின் வெடிமருந்துக் கையிருப்பையே எடுத்துக்கொள்வோம். 40 நாள் தீவிரப் போருக்குப் போதுமான இருப்பு வேண்டும் என்பது விதியாக இருந்தது. 20 நாளுக்குக் குறையவே கூடாது என்று 1999இல் இன்னொரு வரம்பு வந்தது. 2017இல் வெளியான தலைமைத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கை, முந்தைய ஆண்டு செப்டம்பர் நிலவரத்தைச் சொன்னது: 152 வகைகளில் 31 மட்டுமே 40 நாள் அளவை எட்டின, 61 வகைகள் 10 நாளுக்குக்கூடத் தாங்காது.

எந்தக் கிடங்கில் எது குறைகிறது என்று கணினி நொடியில் சொல்லிவிடும். 40 என்ற எண்ணை அதனிடம் கொடுத்தது யார்? எதிரி யார், போர் எவ்வளவு நீளும், இருக்கும் பணத்தில் பீரங்கிக் குண்டு முந்துமா டாங்கிக் குண்டு முந்துமா என்ற ஊகமெல்லாம் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. எண் தவறென்றால், கணினி அந்தத் தவறைப் பத்து தசமத் துல்லியத்தோடு பெருக்கித் தரும், அவ்வளவுதான்.

2020 டிசம்பரில், 15 நாள் தீவிரப் போருக்கான இருப்பை வைத்துக்கொள்ளப் படைகளுக்கு அனுமதி கிடைத்ததாகச் செய்தி வந்தது. பழைய 40 நாள் இலக்கு இடையில் குறைக்கப்பட்டு, அதுவரை 10 நாளாக இருந்தது. கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு மோதல் நடந்ததும் அதே ஆண்டில்தான்.