ரீஸ்டார்ட் தீர்வாகாது

பல சர்வர்களில் பரவிய தரவுச் சேமிப்பு மென்பொருள் திடீரென நின்றுபோனால், ரீஸ்டார்ட் செய்தால் போதும் என்பது கணினித் துறையில் வேரூன்றிய நம்பிக்கை. செய்ததும் வேலை ஓடுகிறது. கோளாறு தீர்ந்ததாக முடிவு கட்டப்படுகிறது. ஓடுவது உண்மை, தீர்ந்தது என்பது பொய்.

இத்தகைய மென்பொருளான ஹெச்பேஸில் எந்தத் தரவுப் பகுதி எந்த சர்வரில் உள்ளது என்பதையும், அந்த சர்வருக்குத் திறந்த இணைப்பையும் தரவைக் கேட்கும் கிளையன்ட் நிரல் தன் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்திருக்கிறது. பகுதி இடம் மாறினால் சிக்கல் சிறியது: பழைய சர்வரே அது தன்னிடம் இல்லை எனப் பிழை காட்டும், கிளையன்ட் புது முகவரியைத் தேடிக்கொள்ளும். சர்வர் மின்சாரம் இழந்து விழுந்தால் எந்தச் செய்தியும் வராது. செத்த இணைப்பு கேஷில் உயிரோடு இருப்பதாகவே கருதப்படும்.

அதை லினக்ஸ் கண்டுபிடித்துவிடும் என்ற வாதமும் நிற்காது. இணைப்பு உயிரோடு உள்ளதா எனச் சோதிக்கும் கீப்அலைவ் வசதியை இயக்கியிருந்தாலும், இயல்பு அமைப்பில் இணைப்பு 7200 வினாடி சும்மா கிடந்த பிறகே சோதனை தொடங்கும். 75 வினாடி இடைவெளியில் 9 சோதனைகளும் தோற்றால்தான் முடிவு. மொத்தம் 2 மணி 11 நிமிடம். நடுவில் சுமையைப் பகிரும் லோட் பேலன்சர் இருந்தால், அதற்கு அத்தனை பொறுமை இல்லை. சும்மா கிடக்கும் இணைப்பை அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சர் இயல்பாக 350 வினாடியில் கைவிடுகிறது. மைக்ரோசாப்டின் அஸூர் 4 நிமிடத்தில். சர்வர் அருகில் வந்தால் சிக்கல் தீரும் என்பதும் சரியல்ல. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் மூன்று மண்டலங்களுடன் கிளவுட் தளம் திறந்தது. மைக்ரோசாப்ட் 2025இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் திறந்தது. சர்வர் மலேசியாவின் சைபர்ஜெயாவிலேயே இருந்தாலும் இந்தக் கால வேறுபாடு குறையாது.

ரீஸ்டார்ட் கெட்ட இணைப்போடு நல்லவற்றையும் அறுக்கிறது. கிளையன்டுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் முகவரி கேட்டு நெருக்க, ஏற்கெனவே திணறும் சர்வர் மேலும் திணறுகிறது. காரணத்தைக் காட்டும் தடயமும் அழிகிறது.

திருத்தம் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் காலக்கெடு வேண்டும். கெடு தாண்டினால் அந்த இணைப்பை மட்டும் கேஷிலிருந்து நீக்கி, முகவரியைப் புதிதாகக் கேட்க வேண்டும். கீப்அலைவ் சோதனை, வழியிலுள்ள மிகக் குறுகிய கெடுவுக்கு முன்பே தொடங்க வேண்டும். மறுமுயற்சிகள் ஏறுமுகமான, சீரற்ற இடைவெளியில் நடக்க வேண்டும். இருமுறை நடந்தால் கேடு விளைக்கும் எழுதுதலைக் கண்மூடி மறுபடி அனுப்பக் கூடாது.

இவற்றைச் செய்யாமல் ரீஸ்டார்ட்டை நம்புவது பழுதுபார்ப்பு ஆகாது. பழுதை ஒத்திப்போடுவது மட்டுமே.