அறிமுகக் குறிப்பில் ஒரு சொல்

கண்ட மாத்திரத்திலேயே ஒருவரை இன்னாரென்று தீர்மானித்துவிடும் மனோபாவத்தைப் பற்றி மாணவர்க்கு எவ்வாறு போதிப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டதற்கு மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ரைஸ்வில் என்னும் சிற்றூரில் ஜேன் எலியட் தம் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கண்ணின் நிறங்கொண்டு உயர்ந்தோர் என்றும் தாழ்ந்தோர் என்றும் பிரித்து நடத்திய பாடமே எல்லோருக்கும் முதலில் நினைவு வருகிறது. அவருடைய நெஞ்சுரம் போற்றற்குரியது. ஆயினும் அம்முறையை நம் வகுப்புகளில் கைக்கொள்வதை நாம் ஆதரிப்பதற்கில்லை. அங்கிருந்தோர் அனைவரும் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பட்ட இழிவு பாடம் முடிந்ததும் அவர்களைவிட்டு நீங்கிவிடக்கூடியது. மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தால் சாதி அறியப்படும் பள்ளிகளும் உள்ள தமிழ்நாட்டில் (அக்கயிறுகளைத் தடைசெய்ய வேண்டுமென்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024இல் பரிந்துரைக்கவே நேர்ந்தது), வீதியில் உண்மையாகவே அவமானம் அனுபவித்து வரும் பிள்ளைக்கு அதனையே வகுப்பிலும் பயிற்சியாக அளிப்பது தர்மமாகாது.

எவரையும் புண்படுத்தாத வேறொரு சோதனையை ஹரால்டு கெல்லி என்னும் உளவியலறிஞர் 1950இல் வெளியிட்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பொருளாதார மாணவர்களிடம், அன்றைய வகுப்புக்கு வரவிருந்த புதிய ஆசிரியரைப் பற்றிய சிறு குறிப்பொன்று வழங்கப்பட்டது. அவருடைய வயது, படிப்பு, முன்னனுபவம், உழைப்பாளி என்பது, மன உறுதியுடையவர் என்பது ஆகிய யாவும் எல்லாக் குறிப்புகளிலும் ஒன்றாகவே இருக்க, ஒரு சாராருக்கு அவர் மிக அன்பான சுபாவமுடையவர் என்றும், மற்றொரு சாராருக்குச் சற்று ஒட்டாத சுபாவமுடையவர் என்றும் அந்த ஓரிடத்தில் மாத்திரம் மாற்றி எழுதப்பட்டிருந்தது. இவ்வேற்றுமையை மாணவர் அறியார். ஆசிரியர் வந்து ஏறத்தாழ 20 நிமிஷம் அவர்களோடு சம்பாஷித்துச் சென்றபின், ஒரே அறையில் ஒரே வேளையில் ஒரே மனிதரைக் கண்டவர்களாகிய அவர்களுள், முன்னவர் அவரைப் பின்னவரைக் காட்டிலும் கருணையுள்ளவராகவும் எளிதிற் பழகுபவராகவும் நகைச்சுவை மிக்கவராகவும் மதிப்பிட்டனர்.

இதனினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. அன்பானவர் என்று படித்தவருள் நூற்றுக்கு 56 பேர் அச்சம்பாஷணையிற் கலந்துகொள்ள, மற்றச் சாராருள் நூற்றுக்கு 32 பேரே வாய்திறந்தனர். தவறான அபிப்பிராயம் பழகப் பழகத் தானே திருந்திவிடும் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லி வருகிறோம். ஆனால் அந்த அபிப்பிராயமே பழக்கத்தை முதலில் தடுத்துவிடுகிறது. பேசாதிருந்த மாணவன் தன் எண்ணம் பிழையென்று அறியும் சந்தர்ப்பத்தை இழந்தான். இழந்தோம் என்பதையும் அவன் உணர்வதில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவரிடையே இச்சோதனையை நடத்த, மனமுவந்து வரும் விருந்தினர் ஒருவரும் இருவகைக் குறிப்புகளுமே போதும். குறிப்பில் எழுதப்படுபவர் எக்காரணத்தாலும் அவ்வகுப்பு மாணவராக இருத்தலாகாது. உண்மையை வெளிப்படுத்தியதோடு பாடத்தை முடித்துவிடாமல், அதே விருந்தினரை மற்றொரு நாளும் அழைத்து, முதல் நாள் மௌனமாயிருந்தவர்கள் அவரோடு பேசுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். நம் கருத்தில் பாடத்தின் உயிர்ப்பகுதி இதுவே.

மாணவரைப் பற்றி நாம் கொண்டுள்ள அபிப்பிராயங்களும் இவ்விதமே தொழிற்படுகின்றன. வினா எழுப்பிய ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரி ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், கெட்டிக்காரரெனக் கருதும் பிள்ளைகளுக்குத் தரும் அவகாசத்தை மந்தமானவரெனக் கருதும் பிள்ளைகளுக்குத் தருவதில்லை என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஆராய்ந்து காட்டினார். அந்தக் குறுகிய அவகாசத்தில் பதில் வராமற்போக, பிள்ளை மந்தமென்ற நம் எண்ணம் உறுதிப்படுகிறது. ஆகவே, இப்பாடத்தை எடுக்க விரும்பும் ஆசிரியர், அதற்கு முந்திய வாரத்தில் சக ஆசிரியர் ஒருவரைக் கடிகாரத்தோடு தம் வகுப்பில் அமரச் செய்து, எந்தப் பிள்ளையிடம் எத்தனை வினா கேட்டோம், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று குறித்துத் தரச் சொல்வாராக. கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குக் கிடைத்த விநாடிகளைப் பார்த்த பிற்பாடு, அன்பானவர், ஒட்டாதவர் என்னும் குறிப்புகளை எழுதத் தொடங்கலாம்.