ஐ.டி.ஐ. பையனுக்கு நூலகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

நம் ஊர்ப்பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே நூலகம் என்றால் ஒரு இரும்பு பீரோ. சாவி ஆபீசில். சாவி வைத்திருப்பவர் லீவு. "பசங்க எங்கீங்க படிக்கிறாங்க, ஸ்பேனர் புடிக்கத் தெரிஞ்சாப் போதுங்க" என்றார் அங்கிருந்த ஒருவர்.

முப்பது வருஷத்துக்கு மேல் புதுச்சேரியில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன் நான். பீரோவையும் சாவியையும் எனக்கு நன்றாகத் தெரியும். பூட்டுவது புத்தகத்தைக் காப்பாற்ற அல்ல, ஸ்டாக் ரிஜிஸ்டரைக் காப்பாற்ற. தணிக்கையில் ஒரு புத்தகம் குறைந்தால் கேள்வி வரும். வருஷம் முழுக்க ஒருவரும் தொடவில்லை என்றால் ஒரு கேள்வியும் வராது.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதுதான் முதல் விதி. அவர் முயற்சியில் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதல். அந்தச் சட்டத்தால்தான் இன்றும் நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்கிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள்.

"ரெண்டு வருஷப் படிப்புதானே" என்பது தலைகீழ்க் கணக்கு. ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருஷம். அதற்குள் வாத்தியார் சொல்ல நேரமில்லாமல் விட்டதைப் பையன் எங்கே போய்த் தெரிந்துகொள்வான்? நம் ஜி.டி. நாயுடு, பொறியியலுக்கு நான்கு வருஷம் தண்டம், இரண்டே போதும் என்று வாதாடினார். அரசு ஒப்பாததால் கல்லூரி முதல்வர் பதவியையே விட்டார். ஆனால் அவர் தானே தேடித் தேடிக் கற்றவர். அப்படித் தேட ஓர் இடமாவது வேண்டாமா?

போன் இருக்கிறதே என்கிறான் என் பேரன். மோட்டார் ரீவைண்டிங் வீடியோ ஆயிரம் இருக்கலாம். காயில் ஏன் எரிந்தது, ஒரு ஃபேஸ் போனதாலா, தண்ணீர் இல்லாமல் ஓடியதாலா, பேரிங் பிடித்ததாலா என்று படமும் அட்டவணையுமாக வரிசையாகப் பார்க்கப் புத்தகம்தான் சௌகரியம். அதைவிட முக்கியம், உட்கார இடம். இந்தப் பையன்கள் பலருக்கு வீட்டுச் சுவரை ஒட்டித் தறிக்குடோன். ராத்திரி பகல் சத்தம். ஒரு மேசை, ஒரு ஃபேன், கொஞ்சம் அமைதி: இவ்வளவுதான் கேட்கிறேன்.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் 'லிப்ரெரி' என்றால் நூலகம் அல்ல, புத்தகக் கடை; காசில்லாதவனுக்கு 'பிப்ளியோதேக்'. புதுச்சேரியில் 1827-இலேயே அப்படி ஒன்று வந்துவிட்டது, இப்போது ரொமேன் ரோலன் பெயரில் இருக்கிறது. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரியும் 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியதுதான். அமெரிக்காவில் இந்த மாதிரி இரண்டு வருஷக் கல்லூரி 1901-இல் ஜோலியட் என்ற ஊரில் ஆரம்பித்தது. அங்கே இத்தகைய கல்லூரிகள் பலவற்றில் நூலகருக்கு ஆசிரியர் அந்தஸ்து. இங்கே நூலகரே இல்லை, சாவிக்காரர்தான்.

தனிக் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. கிளை நூலகத்தில் தமிழில் தொழில் புத்தகங்களுக்கு இரண்டு அலமாரி. ஐ.டி.ஐ. சேரும் அன்றே உறுப்பினர் அட்டை. ஷிப்டு முடிந்து வருகிற பையனுக்காக ராத்திரி எட்டரை வரை விளக்கு. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு மனு எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம்; பேனா நான் தருகிறேன்.