பம்பு 12 வோல்ட், பேட்டரி 24 வோல்ட்: தண்ணீர் பந்தல் போடும் தொண்டூழியர்களுக்கு



தைப்பூசத்துக்கு சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். பால்குடம், காவடி எடுக்கிறவங்க வெறுங்காலோட நடக்கிற பாதை. அவங்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது பெரிய புண்ணியம். ஈரத் தரையில 230 வோல்ட் வயரை இழுக்காம, பேட்டரியில பம்பு ஓட்டுறது நல்ல யோசனைதான்.

சிக்கல் எங்கே வருதுன்னா, தானமா வர்ற பம்பு 12 வோல்ட்டா இருக்கும். லாரியிலயோ தொழிற்சாலை வண்டியிலயோ இருந்து வர்ற பேட்டரி 24 வோல்ட்டா இருக்கும். பெரும்பாலும் ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையா சேர்த்திருப்பாங்க. நேரா கொடுத்தா பம்பு கருகிடும். அதனால "ஒரு பேட்டரியில மட்டும் எடுத்துக்கலாம், செலவே இல்ல" என்று சிலர் சொல்றாங்க. இதை நான் ஒத்துக்கமாட்டேன்.

ரெண்டு மாடு பூட்டின வண்டியில ஒரே மாட்டை இழுக்க விட்டு, ரெண்டுக்கும் சமமா தீனி போடுற கதை இது. 5 ஆம்பியர் பம்பு 8 மணி நேரம் ஓடினா 40 ஆம்பியர்-மணி ஒரே பேட்டரியில இருந்து போகும். சார்ஜருக்கு இது தெரியாது. ரெண்டுக்கும் சேர்த்து 28.8 வோல்ட் கொடுக்கும். காலியான பேட்டரி 13.2-ல நின்னா, நிறைஞ்ச பேட்டரி மேல 15.6 ஏறும். ஒண்ணு பட்டினி கிடந்து கெடும், இன்னொண்ணு கொதிச்சுக் கெடும்.

ரெசிஸ்டர் போடுறதும் சரிவராது. மோட்டார் இழுக்கிற கரண்ட் கூடிக் குறையும், அதோட வோல்ட்டும் மாறும். ஏறக்குறைய பாதி சக்தி சூடாவே வீணாகும்.

சரியான வழி ரெண்டுதான். புது பம்பு வாங்கப் போறீங்கன்னா 24 வோல்ட் பம்பையே வாங்குங்க. இருக்கிற பம்புதான் வேணும்னா, 24-ஐ 12 ஆக்குற டிசி கன்வெர்ட்டர் போடுங்க. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், அதனால 5 ஆம்பியர் பம்புக்கு 15 ஆம்பியர் கன்வெர்ட்டர் பாருங்க. அப்போ ரெண்டு பேட்டரியும் சமமா, 3 ஆம்பியருக்கும் குறைவாத்தான் கொடுக்கும்.

இன்னும் ரெண்டு விஷயம். பேட்டரியோட பாசிட்டிவ் முனை பக்கத்துலயே ஃபியூஸ் இருக்கணும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். அது எளிதா தீப்பிடிக்கும், அதனால காத்தோட்டமான இடத்துல வைங்க. அகல் விளக்கு, கற்பூரம் கிட்டவே வேண்டாம்.

அன்னதானத்துக்கு வந்த அரிசின்னாலும் கல் பொறுக்கிட்டுத்தானே உலையில போடுறோம்? தானமா வந்த பம்புக்கும் அதே கவனம் வேணும். நடுராத்திரி தண்ணீர் நின்னுபோனா, தவிக்கப் போறது நாம இல்ல, காவடியோட நிக்கிற பக்தர்தான். கன்வெர்ட்டருக்குப் போடுற காசும் உபயம்தான்.

முருகா சரணம்.