டாக்டருக்குப் படித்தால்தான் வேலை நிச்சயமா?

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் ஜார்ஜ்டவுனில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சுதான்: “புள்ளைய டாக்டருக்குப் போடுங்க, இல்லாட்டி வக்கீல், எஞ்சினியர். அதுலதான் வேலை நிச்சயம். இப்பவே முடிவு பண்ணிடுங்க. மார்க் கம்மின்னா கைத்தொழில் இருக்கவே இருக்கு.” அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் தேறாது.

முதலில் அந்த ‘நிச்சயம்’. அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் பென்ஷன் வரை கவலையில்லை என்ற நிலை முன்பு இருந்தது. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கினார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த 2021 ஜூலை 26 அன்று, நாடு முழுக்க ஒப்பந்த டாக்டர்கள் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். நிரந்தர வேலை வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலேசிய மருத்துவ மன்றம் அங்கீகரித்த பட்டியலில் அந்தப் பட்டம் இல்லையென்றால், திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கும். ஏஜெண்ட் இதைத் தானாகச் சொல்வார் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவத்தில் மனம் உள்ள பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். வேலை நிச்சயம் என்பதற்காக மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

எஞ்சினியர் விஷயத்தில் எனக்குச் சண்டையில்லை. பினாங்குத் தொழிற்சாலைகளுக்கு அவர்கள் தேவை.

பதினேழு வயதிலேயே முடிவு பண்ண வேண்டும் என்பதற்குப் பினாங்கின் கதையே பதில். ஹார்பரை நம்பி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே பிழைத்தன. 1969-இல் தீவின் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதி போனது; வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. முதலமைச்சர் லிம் சோங் யூ முனைந்து நிற்க, 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழில் மண்டலம் வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை இண்டல் அங்கேதான் திறந்தது. 1968-இல் படிவம் 5 எழுதிய ஒரு பையன் எவ்வளவு திட்டம் போட்டிருந்தாலும், சிப் தொழிற்சாலை அதில் இருந்திருக்குமா?

‘மார்க் கம்மின்னா கைத்தொழில்’ என்பதுதான் இருப்பதிலேயே மோசம். சார்ஜ்மேன் வேலையைப் பாருங்கள். பெரிய தொழிற்சாலையின் மின் நிறுவலைத் தகுதிச் சான்று பெற்றவர் பொறுப்பில்தான் விட வேண்டும் என்பது சட்டம். எரிசக்தி ஆணையத்தின் தேர்வில் தேறினால்தான் அந்தச் சான்று கிடைக்கும். உயர் அழுத்த சுவிட்ச்போர்டில் வேலை தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் கொடுத்த பிறகுதான் அடுத்தவரைக் கிட்டே விடுவார். ஒரு படி தவறினால் உயிர் போகும். மக்குப் பிள்ளைக்கு ஒதுக்கி வைக்கிற வேலையா இது? கைத்தொழில் படிப்பு மலேசியத் திறன் சான்றிதழ் 3ஆம் நிலையோடு நின்றுவிடுவதும் இல்லை. அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா உண்டு. யுனிமேப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கும் அங்கிருந்து வழி இருக்கிறது. பாயான் லெப்பாஸில் 1989 முதல் இயங்கும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், தொழிற்சாலைகளே கைகோத்து நடத்துவது.

பெற்றோரின் பயம் புரிகிறது. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உடம்பு தேய்ந்தவர்களின் பிள்ளைகள், ‘கைத்தொழில்’ என்றாலே பழைய கஷ்டம் என்று நினைக்கிறார்கள்.

யு.பி.யு. விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு பாயான் லெப்பாஸ் மையத்துக்கும் புக்கிட் மின்யாக்கில் உள்ள ஜப்பான்-மலேசியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும் போய், பட்டறையை நேரில் பாருங்கள். படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.